இரவில் ஊறவைத்த ஓட்ஸ் காலையில் பசையாகிறது, சில நாள் கசக்கிறது: என்ன காரணம்?

வேளச்சேரி_கௌரி:
வணக்கம். காலை ஏழேகாலுக்கு நான் பஸ் நிறுத்தத்தில் இருக்க வேண்டும். அதற்குள் இரண்டு பிள்ளைகளுக்கும் மதியச் சாப்பாடு கட்டியாக வேண்டும். இட்லி மாவு தீர்ந்த நாள்களில் நான் வெறும் வயிற்றோடுதான் கிளம்புகிறேன். அதனால்தான் இரவிலேயே ஓட்ஸ் ஊறவைத்து ஃப்ரிட்ஜில் வைக்கத் தொடங்கினேன்.

அரை கப் ஓட்ஸ், முக்கால் கப் காய்ச்சிய பால், இரண்டு மேசைக்கரண்டி சியா விதை, கொஞ்சம் தேன், வீட்டில் இருக்கும் பழம். எல்லாவற்றையும் கண்ணாடி ஜாடியில் போட்டு மூடிவிடுவேன். காலையில் திறந்தால் சுவரொட்டிக்குக் காய்ச்சிய பசைபோல இருக்கிறது, கரண்டி நட்டபடி நிற்கிறது. சில நாள் கசக்கவும் செய்கிறது. பால் கெட்ட வாடை இல்லை. பெரியவள் ஒரு வாய் வைத்துவிட்டு எழுந்துபோய்விடுகிறாள். வேகாத ஓட்ஸ் வயிற்றுக்கு ஆகாது என்று மாமியார் வேறு கவலைப்படுகிறார். யாராவது வழி சொல்லுங்கள்.

அடுப்படி_சரஸ்வதி:
கௌரி, சில விவரங்கள் தெரிந்தால் சொல்லிவிடலாம். பாக்கெட்டில் 'இன்ஸ்டன்ட்' என்று இருக்கிறதா, 'ரோல்டு' என்றா? பாலை ஆறவைத்து ஊற்றுகிறீர்களா? கசந்த நாளில் போட்ட பழம் எது?

வேளச்சேரி_கௌரி:
இன்ஸ்டன்ட்தான் அக்கா. பால் காய்ச்சிய கையோடு ஊற்றிவிடுவேன், தூங்கப் போகும் அவசரம். பெரும்பாலும் வாழைப்பழம் அல்லது ஆப்பிள். யோசித்துப் பார்த்தால், கசந்த நாள்களில் எல்லாம் பப்பாளி.

அடுப்படி_சரஸ்வதி:
பப்பாளிதான் காரணம். அதில் பப்பேன் என்ற நொதி இருக்கிறது. அது புரதத்தை உடைக்கும். ஆட்டுக்கறி சீக்கிரம் வேகப் பப்பாளிக்காய்த் துண்டு போடுகிறோமே, அதே வேலைதான். இரவு முழுவதும் பாலோடு கிடந்தால் பாலின் புரதம் உடைந்து கசப்பு ஏறுகிறது. அன்னாசியும் கிவியும் இதே போலத்தான் செய்யும். இந்த மூன்றையும் சாப்பிடும் நேரத்தில் மேலே போட்டுக்கொள்ளுங்கள். ஒரு சொட்டுக்கூடக் கசக்காது.

பசைக்கு மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. இன்ஸ்டன்ட் ஓட்ஸ் மெல்லியதாகத் தட்டி, ஏற்கெனவே வெந்தது. அதன்மேல் சூடான பால் விழுந்தால் உடனே குழைந்துவிடுகிறது. சியா விதையோ தன் எடையைப்போலப் பத்து மடங்கு வரை நீரை இழுக்கும். முக்கால் கப் பாலுக்கு இரண்டு மேசைக்கரண்டி மிக அதிகம், ஒரு தேக்கரண்டி போதும்.

ரோல்டு ஓட்ஸ் வாங்குங்கள். அரை கப் ஓட்ஸுக்கு அரை கப் நன்றாக ஆறிய பால், கால் கப் புளிக்காத தயிர், ஒரு சிட்டிகை உப்பு. உப்பை விட்டுவிடாதீர்கள், அது இல்லாமல் ஓட்ஸுக்குச் சுவையே எழும்பாது. காலையில் கெட்டியாகத் தெரிந்தால் இரண்டு கரண்டி பால் விட்டுக் கலக்குங்கள். ஸ்டீல் கட் ஓட்ஸ் (தட்டையாக்காமல் மணியைத் துண்டுகளாக நறுக்கியது) இதற்கு வேண்டாம், ஒரு இரவு ஊறினாலும் நடுவில் நறுக்கென்று கடிபடும்.

கோவை_முருகேசன்:
மாமியாரின் சந்தேகத்துக்குப் பதில்: ரோல்டு ஓட்ஸ் பச்சைத் தானியம் இல்லை. உமி நீக்கிய மணியை ஆலையில் ஆவியில் சூடாக்கிய பிறகே உருளைகளுக்கு இடையில் விட்டுத் தட்டையாக்குகிறார்கள். அப்படிச் செய்யாவிட்டால் அதிலுள்ள கொழுப்பு விரைவில் சிக்குவாடை அடித்துவிடும். ஆகவே ஊறவைத்தே தாராளமாகச் சாப்பிடலாம்.

இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. 1900-ஐ ஒட்டி ஸ்விட்சர்லாந்தின் ஜூரிக் நகரில் பிர்ச்சர்-பென்னர் என்ற மருத்துவர் தம் நோயாளிகளுக்குக் கொடுத்த உணவு இது. ஒரு கரண்டி ஓட்ஸை மூன்று கரண்டி நீரில் ஊறவைத்து, எலுமிச்சைச் சாறும் கண்டென்ஸ்டு மில்க்கும் சேர்ப்பார். ஆப்பிளைத் தோலோடு துருவிப் பரிமாறும் நேரத்தில்தான் கலப்பார். இரவு ஜாடிக்கு ஓட்ஸும் பாலும் போதும், பழத்துக்குக் காலைதான் நேரம் என்பது என் உறுதியான எண்ணம். வாழைப்பழமும் கறுக்காது.

திருச்சி_ரேவதி:
இனிப்பே பிடிக்காத பிள்ளை என்றால் தயிர் ஓட்ஸ் செய்து பாருங்கள், கௌரி. பாலும் தயிரும் சம அளவு, உப்பு, துருவிய இஞ்சி. இதை இரவே கலந்து வைத்துவிடுங்கள். காலையில் கடுகு, கறிவேப்பிலை, ஒரு மோர் மிளகாய் தாளித்துக் கொட்டினால் போதும், இரண்டு நிமிட வேலை. மாதுளை முத்து தூவினால் என் மகன் கிண்ணத்தை வழித்துச் சாப்பிடுகிறான்.

வேளச்சேரி_கௌரி:
ரோல்டு ஓட்ஸ் வாங்கி, சரஸ்வதி அக்கா சொன்ன அளவில் வைத்தேன். அவல் ஊறிய பதத்தில் தனித்தனியாக, மெத்தென்று இருந்தது. பப்பாளியை மேலே போட்டேன், கசப்பே இல்லை. பெரியவள் முழுவதும் சாப்பிட்டாள். எல்லோருக்கும் மிக்க நன்றி. இன்னும் ஒன்று: எங்கள் பகுதியில் இரவில் மின்தடை வருகிறது. அப்போது இதை நம்பிச் சாப்பிடலாமா? அலுவலகத்துக்கும் எடுத்துப்போகலாமா?

கோவை_முருகேசன்:
ஃப்ரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் ஏறக்குறைய 4 மணி நேரம் குளிர்ச்சி தாங்கும். அதற்கு மேல் மின்சாரம் இல்லையென்றால் சாப்பிட வேண்டாம். வெளியே 2 மணி நேரம்தான் கணக்கு, சென்னை வெயிலில் 1 மணி நேரம். அலுவலகத்துக்கு என்றால் ஐஸ் பொட்டலம் வைத்த பையில் கொண்டுபோய், போனதும் அங்குள்ள ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். வாரம் முழுவதற்கும் சேர்த்து வைக்காதீர்கள். ஞாயிறு இரவு வைத்தால் புதன் காலைக்குள் முடித்துவிடுங்கள், அதற்குமேல் குழைந்துவிடும்.