வீடு ஜில்லென்று கிடக்கிறது, கிறிஸ்துமஸ் அன்று, 25ஆம் தேதி எல்லாம் மூடிவிடுமாம்... யாராவது சொல்லுங்கள்

புதுமுகம் | திங்கள், மாலை 5:10

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்துக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. நேற்று ராத்திரியிலிருந்து ஒரு ரேடியேட்டர்கூடச் சூடாகவில்லை. குழாயில் சுடுதண்ணீரும் இல்லை. பாய்லரில் சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டே இருக்கிறது. கைக்குழந்தை வேறு, ஏழு மாதம். வீட்டு ஏஜென்சிக்குப் போன் போட்டால் பதிவு செய்த குரல்தான் பேசுகிறது, ஜனவரி 2ஆம் தேதிதான் திறப்பார்களாம்.

25ஆம் தேதி அவருக்கு டியூட்டி. பெரியவள் "நம்ம வீட்டுக்கு சாண்டா வருவாரா" என்று காலையிலிருந்து நச்சரிக்கிறாள். பக்கத்து வீட்டுத் தாத்தா கதவு ஓட்டை வழியாக ஒரு வாழ்த்து அட்டையைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார், பதிலுக்கு நாமும் போடவேண்டுமா? மூன்றே முக்காலுக்கே இருட்டிவிடுகிறது. எதிர்வீடு முழுக்க விளக்கு. அழகாகத்தான் இருக்கிறது, பார்த்தால் அழுகையும் வருகிறது.

மழைக்கோட்டு | 5:22

சகோதரி, முதல் வருஷம் எல்லோருக்கும் இப்படித்தான். நான் படிக்க வந்தது 2010 செப்டம்பர். அந்த டிசம்பர் இந்த நாட்டில் நூறு வருஷத்தில் இல்லாத குளிர். ஒரே அறையில் நாலு பேர், ஒரே ஒரு ஹீட்டர், அதுவும் பாதி நாள் வேலை செய்யாது. கோட்டு, தொப்பி, ஷூ எல்லாம் போட்டுக்கொண்டேதான் தூங்குவோம். 25ஆம் தேதி பஸ் ஓடாது என்று யாரும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாப்பில் முக்கால் மணி நேரம் தனியாக நின்றேன். கடைசியில் நாயோடு நடக்கவந்த ஒரு அம்மாதான் "இன்றைக்கு எதுவும் வராது" என்று சொல்லி அனுப்பினார். நீங்கள் பார்ப்பதெல்லாம் ஒரு குளிரே இல்லை.

பழைய_பெட்டி | 5:31

தங்கச்சி, அட்டைக்குக் கட்டாயம் பதில் போடுங்கோ. கடையில் பத்துப் பதினைந்து அட்டை சேர்ந்த பெட்டி விற்பார்கள், ஒன்று வாங்கி வையுங்கோ. நான் 1991இல் வந்த நேரம் ஒருத்தரையும் தெரியாது. பக்கத்து வீட்டுக் கிழவி போட்ட அட்டையைப் பார்த்து, ஏதோ வரி கட்டச் சொல்லி வந்திருக்கு என்று பயந்து, உறையைக்கூடப் பிரிக்காமல் ஒரு மாதம் வைத்திருந்தேன். பிறகு அவதான் என்ரை பிள்ளைகளுக்குச் சைக்கிள் ஓடப் பழக்கினவ.

வெள்ளிமீன் | 5:40

பாய்லரிலிருந்து வெளிச்சுவருக்கு ஒரு வெள்ளை பிளாஸ்டிக் குழாய் போகும். கண்டென்சேட் குழாய் என்பார்கள். அது உறைந்தால் பாய்லர் தானாக நின்றுவிடும். தண்ணீரைக் கொதிக்கவைத்து அதன் மேல் ஊற்றுங்கள், சரியாகிவிடும்.

தச்சுப்பட்டறை | 5:44

கொதிக்கிற தண்ணீரா? குழாய் விரிசல் விடும். வெதுவெதுப்பாக இருந்தால் போதும். அதற்கு முன்னால், எந்த ஊர் என்றே அவர் சொல்லவில்லையே? நான் இருக்கும் இடத்தில் வெளியே 7 டிகிரி. இதில் எது உறையும்? பாய்லருக்கு அடியில் வட்டமாக ஒரு முள் இருக்கும், அதைப் பாருங்கள். 1க்குக் கீழே இறங்கியிருந்தால் பிரஷர் இல்லை. அடியில் இருக்கும் திருகைத் திறந்து தண்ணீர் ஏற்றினால் வேலை முடிந்தது.

மழைக்கோட்டு | 5:47

வாடகை வீட்டில் திருகைத் தொடாதீர்கள்! ஏதாவது ஆனால் டெபாசிட்டில் பிடித்துவிடுவார்கள். எனக்குப் பிடித்தார்கள்.

தச்சுப்பட்டறை | 5:49

பிரஷர் ஏற்றுவது குடியிருப்பவர் செய்கிற வேலைதான். பாய்லர் மூடியைக் கழற்றினால்தான் தப்பு.

புதுமுகம் | 5:55

நியூகாசில். முள் ஒன்றரையில் நிற்கிறது. குழாய் எங்கே இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்தேன், வெளியே ஐஸ் எதுவும் இல்லை.

தேன்மிட்டாய் | 6:02

அக்கா, பாய்லர் கிடக்கட்டும். குழந்தைக்கு ஒரு சின்ன மரமாவது வையுங்கள். ஸ்கூலில் எல்லாப் பிள்ளைகளும் அதைப் பற்றித்தான் பேசும். என் பையனுக்கு வகுப்பு நாடகத்தில் ஆடு மேய்ப்பவன் வேஷம். "தலையில் கட்ட டீ டவல் கொடுத்தனுப்பவும்" என்று எழுதிவந்தது. அப்படி என்றால் பாத்திரம் துடைக்கும் துணி என்று தெரியாமல், குளிக்கிற துண்டைக் கொடுத்துவிட்டேன். மேடையில் அவன் மட்டும் இப்போதுதான் தலைக்குக் குளித்துவிட்டு வந்தவன்போல் நின்றான்.

வெள்ளிமீன் | 6:10

மரம், சாண்டா எல்லாம் எதற்கு? மார்கழி பிறந்து ஒரு வாரம் ஆகிறது. வாசலில் ஒரு கோலம் போட்டு விளக்கேற்றினால் குழந்தைக்கு அதுவே பண்டிகை.

தேன்மிட்டாய் | 6:13

மழையில் கோலம் எத்தனை நிமிஷம் நிற்கும் என்று போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் :)

மழைக்கோட்டு | 6:20

இதில் ஊரிலிருந்து வரும் போன்தான் கொடுமை. "உனக்கென்னப்பா, ஃபாரின்ல இருக்கே, லீவு வேற" என்பார்கள். லீவில் ஊருக்குப் போகலாம் என்றால் டிசம்பர் டிக்கெட் விலையைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. பள்ளிக்கு விடுமுறை இரண்டே வாரம். வீடியோவில் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கோம்மா, ஹீட்டர் போட்டிருக்கு" என்று பொய் சொல்வதில் நான் டாக்டர் பட்டமே வாங்கிவிட்டேன்.

பழைய_பெட்டி | 6:26

உண்மை தம்பி. எங்களுக்குப் போய்வர ஊரே இல்லாத காலமும் இருந்தது. அந்த நேரம் இந்த விளக்குகளைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். இப்ப நவம்பர் முடிய முதல் நானே ஏணி வைத்து ஏறிக் கட்டுறன். மனுசி பேசுறா.

வெள்ளிமீன் | 6:31

தற்காலிகமாகக் குளிருக்கு, பார்பிக்யூ கரி அடுப்பு இருந்தால் பற்றவைத்து ஒரு மூலையில்...

இரவுப்பணி | 6:32

வேண்டவே வேண்டாம்! வீட்டுக்குள் கரி மூட்டினால் கார்பன் மோனாக்சைடு. அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். தயவுசெய்து அந்தப் பதிவை நீக்குங்கள்.

எல்லோரும் கொஞ்சம் நிறுத்துங்கள். தங்கச்சி, நாலு கேள்விதான். வீட்டில் கேஸ் வாடை வருகிறதா? மின்சாரம் இருக்கிறதா? சமைப்பது எதில்? கேஸுக்கு மாதாமாதம் பில் வருகிறதா, இல்லை முன்கூட்டியே பணம் போடுகிற மீட்டரா?

புதுமுகம் | 6:39

வாடை இல்லை அண்ணா. மின்சாரம் இருக்கிறது. கேஸ் அடுப்புதான், ஆனால் நேற்றிலிருந்து அதுவும் பற்றவில்லை. அது வேறு பிரச்சினை என்று நினைத்து ரைஸ் குக்கரில் சமாளிக்கிறேன். பில் எதுவும் வந்ததில்லை. கரண்டுக்கு நீலத்தில் ஒரு சாவி இருக்கிறது, வாராவாரம் முனைக்கடையில் பணம் ஏற்றுகிறோம்.

தச்சுப்பட்டறை | 6:41

அடுப்பும் எரியவில்லை என்பதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா அம்மா!

இரவுப்பணி | 6:43

அண்ணா இல்லை, அக்கா :) பாய்லருக்கு ஒன்றும் ஆகவில்லை. கேஸ் மீட்டரில் காசு தீர்ந்துவிட்டது. கரண்டுக்குச் சாவி என்றால் கேஸுக்குப் பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் அட்டை இருக்கும். வீட்டு ஓனர் சாவிக்கொத்தோடு அப்படி ஏதாவது கொடுத்தாரா?

புதுமுகம் | 6:50

ஐயோ. கொடுத்தார். ஏதோ கடையின் தள்ளுபடி அட்டை என்று நினைத்து டிராயரில் போட்டுவிட்டேன். "கொஞ்சம் போட்டு வைத்திருக்கிறேன்" என்று அவர் சொன்னதுகூட இப்போதுதான் புரிகிறது.

இரவுப்பணி | 6:58

நல்லது, வரிசையாகச் செய். முதலில் அடுப்பின் திருகு எல்லாம் மூடியிருக்கிறதா பார். நேற்று பற்றவைத்துப் பார்த்துவிட்டு ஒன்றைத் திறந்தபடி விட்டிருந்தால், கேஸ் வந்ததும் ஆபத்து. மாடிப்படிக்கு அடியிலோ வெளிச்சுவர்ப் பெட்டியிலோ மீட்டர் இருக்கும். அட்டையைச் செருகினால் அவசரக் கடன் வேண்டுமா என்று கேட்கும், எடுத்துக்கொள். அடுத்த முறை பணம் போடும்போது அதைக் கழித்துக்கொள்வார்கள். கேஸே எரிக்காவிட்டாலும் நிலைக்கட்டணம் தினமும் கழியும், அதனால் கணக்குப் பார்த்துப் போடு.

அப்புறம், கேஸ் கம்பெனிக்குப் பேசி உன் பெயரில் அட்டை கேள். முன்பு குடியிருந்தவர் வைத்த கடன் அந்த அட்டையில் இருந்தால், நீ போடுகிற பணம் அதற்கே போகும். கைக்குழந்தை இருப்பதையும் சொல், அப்படிப்பட்ட வீடுகளுக்கு முன்னுரிமை உதவி தர அவர்களிடம் தனிப் பட்டியல் இருக்கிறது. இன்றைக்கோ நாளைக்கோ 28ஆம் தேதி வரை தாங்குகிற அளவு போட்டுவிடு. 25, 26 இரண்டும் பொது விடுமுறை, பணம் ஏற்றுகிற தபால் நிலையம் பெரும்பாலும் திறக்காது. இங்கிலாந்தில் 25ஆம் தேதி பெரிய கடைகள் திறக்கக்கூடாது என்று 2004இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். சின்னக் கடைகளுக்கு அந்தத் தடை இல்லை, ஆனால் உன் முனைக்கடைக்காரர் திறப்பாரா என்று அவரிடமே கேட்டுவிடு.

எப்போதாவது கேஸ் வாடை வந்தால் 0800 111 999, எந்த நேரமும் எடுப்பார்கள். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் 111. குழந்தை தூங்குகிற அறை 16லிருந்து 20 டிகிரி இருந்தால் போதும். பயந்துபோய் போர்வைமேல் போர்வை போடாதே, தொட்டிலில் சுடுதண்ணீர்ப் பையும் வைக்காதே.

உன் வீட்டுக்காரருக்கு எங்கே டியூட்டி? 25ஆம் தேதி எப்படிப் போவார்?

புதுமுகம் | 7:04

முதியோர் இல்லத்தில். பஸ்ஸில்தான் போவார்... ஐயையோ.

இரவுப்பணி | 7:09

ரயிலும் ஓடாது. அன்றைக்கு அதே ஷிப்டில் காரில் வருகிறவர்கள் யார் என்று மேனேஜரிடம் இன்றே கேட்கச் சொல். நான் நர்ஸ், ஒவ்வொரு வருஷமும் இரண்டு பேரையாவது ஏற்றிக்கொண்டுதான் போகிறேன், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். டாக்சி என்றால் இப்போதே சொல்லிவை, அன்றைக்கு விலை ஏறும். விடுமுறை நாளுக்குக் கூடுதல் சம்பளம் தந்தே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை, அவருடைய ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மழைக்கோட்டு | 7:15

2010இல் இந்த அக்கா எங்கே இருந்தார் என்றுதான் யோசிக்கிறேன்.

புதுமுகம் | இரவு 9:40

வந்துவிட்டது! மீட்டர் மாடிப்படிக்கு அடியில், வாக்குவம் கிளீனருக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. அடுப்பில் ஒரு திருகு உண்மையிலேயே பாதி திறந்துதான் இருந்தது அக்கா. மூடிவிட்டேன், கை இன்னும் நடுங்குகிறது. அவர் ஓடிப்போய் 30 பவுண்டு ஏற்றிவந்தார். மீட்டரில் பட்டனை அழுத்தியதும் பாய்லர் "புஸ்ஸ்" என்று ஒரு பெருமூச்சு விட்டது. பெரியவள் ரேடியேட்டரில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், நகரமாட்டேன் என்கிறாள். கூட வேலை செய்யும் ஒருவர் 25ஆம் தேதி காலை ஆறரைக்குக் காரில் வந்து அழைத்துப்போகிறாராம்.

சாண்டா விஷயத்தை இன்னும் முடிவு செய்யவில்லை. கோலம் மட்டும் நாளை வீட்டுக்குள்ளேயே, கதவுக்குப் பக்கத்தில் போடலாம் என்றிருக்கிறோம்.

ஒன்றே ஒன்று பாக்கி. தாத்தாவின் கையெழுத்து கோழி கிளறினதுபோல் இருக்கிறது, பெயர் படிக்கமுடியவில்லை. உறையில் என்ன எழுதுவது?

பழைய_பெட்டி | 9:46

வீட்டு நம்பரை எழுதுங்கோ தங்கச்சி. ஓட்டையில் போடாமல் கையில் கொடுங்கோ, பெயரை அவரே சொல்லுவார்.