சென்னைக்காரனுக்கு அம்பாசமுத்திரம் ஒத்துவருமா?

கேள்வி: பிறந்து வளர்ந்தது எல்லாம் வேளச்சேரி. மனைவிக்கு அம்பாசமுத்திரம். எனக்கு வீட்டிலிருந்தே வேலை என்பதால் அங்கேயே போய்விடலாம் என்கிறாள். குற்றாலச் சீசனுக்கு நாலு நாள் வந்ததோடு சரி, நிரந்தரமாக என்றால் பயமாக இருக்கிறது.

பதில் 1: நானும் அப்படி வந்தவன்தான், அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்து ஊரான கல்லிடைக்குறிச்சியில் மூன்று வருஷம் ஆகிறது. காலையில் தாமிரபரணியில் ஒரு முங்கு போட்டுவிட்டு லேப்டாப்பைத் திறக்கும் சுகமே தனி. ஆனால் முதல் ஆறு மாதம் தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் "யார் வீட்டுக்கு வந்திருக்கீய?" என்று கேட்டே கொன்றுவிட்டார்கள், எனக்குச் செம எரிச்சல். அப்புறம் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சியும் துவையலும் கொண்டுவந்தது அதே கேள்வி கேட்ட பக்கத்து வீட்டு ஆச்சிதான். ராத்திரி பத்து மணிக்குப் பசித்தால் மட்டும் கஷ்டம்.

பதில் 2: ஆற்றின் அழகை மட்டும் சொன்னால் எப்படி அண்ணாச்சி? 2023 டிசம்பர் வெள்ளத்தையும் சொல்லுங்கள். வீட்டை மேட்டில் பாருங்கள். பெரிய ஆஸ்பத்திரி என்றால் 30 கிலோமீட்டருக்கு மேல், பாளையங்கோட்டைக்குத்தான் ஓட வேண்டும்.

கேட்டவர்: சரி, முதலில் ஆறு மாதம் மாமனார் வீட்டிலேயே தங்கிப் பார்க்கிறேன்.

பதில் 1: அந்தத் தப்பை மட்டும் செய்யாதீங்க மாப்ள, வாடகைக்குப் பாருங்க.