ஹில்டெஸ்ஹைம் சந்தைச் சதுக்கம்: எது பழையது, எது மீண்டும் எழுப்பப்பட்டது?

வினா: வழிப்போக்கன்

அலுவல் காரணமாக விரைவில் ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குச் செல்கிறேன். ஓய்வாகக் கிடைக்கும் ஒரு நாளில், அங்கிருந்து ரயிலில் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் சென்றடையக்கூடிய ஹில்டெஸ்ஹைமின் பழைய சந்தைச் சதுக்கத்தைப் பார்க்க எண்ணியிருக்கிறேன். படங்களில் அச்சதுக்கத்தின் நான்கு பக்கங்களும் 16-ஆம் நூற்றாண்டிலிருந்து அப்படியே நிற்பவைபோலத் தோன்றுகின்றன. ஆனால் இரண்டாம் உலகப்போரில் நகரின் மையப்பகுதி எரிந்து அழிந்ததாகவும் படித்தேன். அங்குள்ள கட்டடங்களில் எவை உண்மையில் பழையவை? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி: சுண்ணாம்புக்காரை

நீங்கள் படித்தது சரியே. 1945 மார்ச் 22 அன்று நடந்த குண்டுவீச்சில் அந்நகரின் மரச்சட்ட வீடுகளில் பெரும்பாலானவை எரிந்துபோயின. சதுக்கத்தில் எஞ்சியவை கல்லால் ஆனவை மட்டுமே. கிழக்குப் பக்கத்தில் இருக்கும் நகர மன்றம் 13-ஆம் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட கட்டடம். குண்டுவீச்சில் பெரிதும் சேதமுற்ற அது, பழைய அலங்காரங்கள் சில குறைக்கப்பட்டு, 1954-இல் மீண்டும் திறக்கப்பட்டது. தெற்கில் உள்ள டெம்பல்ஹவுஸ் என்ற கல்வீடு 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உள்ளே எல்லாம் எரிந்தும் அதன் சுவர்கள் நின்றன. அதன் முகப்பில் துருத்தி நிற்கும் மாடம் 1591-இல் சேர்க்கப்பட்டது. பைபிளில் வரும் ஊதாரி மகன் உவமையைச் சொல்லும் அதன் சிற்பங்களை அவசரப்படாமல் பாருங்கள்.

மேற்கில் நிற்கும் உயரமான மரக்கட்டடம்தான் எல்லாப் படங்களிலும் வருவது. இறைச்சி விற்போர் சங்கம் 1529-இல் எழுப்பிய அந்த மாளிகை 1945-இல் சாம்பலாயிற்று. அதே இடத்தில் 1960-களில் ஒரு நவீன ஹோட்டல் கட்டப்பட்டது. பின்னர் அதையும் இடித்துவிட்டு, 1987 முதல் 1989 வரை பழைய மாளிகையை மீண்டும் கட்டினார்கள்.

மறுமொழி: நேர்கோடு

முன்னவர் தந்த தகவல்களில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இத்தகைய சதுக்கத்தை வரலாற்றுச் சின்னம் என்று அழைப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. போருக்குப் பின் 1950-களில் அம்மக்கள் சதுக்கத்தை விரிவாக்கி, தம் காலத்துக்கேற்ற எளிய கட்டடங்களை அமைத்தார்கள். அதுவும் அந்நகரின் வரலாறே. 1980-களில் அந்த அடுக்கைத் துடைத்தெடுத்துவிட்டு, போரே நடக்காததுபோன்ற ஒரு காட்சியை உருவாக்கியிருக்கிறார்கள். பிரெமன் நகரின் சதுக்கத்தில், நகர உரிமையின் சின்னமாக 1404-இல் நிறுவப்பட்ட ரோலண்ட் என்ற வீரனின் சிலைக்கும் 15-ஆம் நூற்றாண்டு நகர மன்றத்துக்கும் அருகிலேயே 1966-இல் திறக்கப்பட்ட சட்டமன்றக் கட்டடம் கூச்சமில்லாமல் நிற்கிறது. அதுவே நேர்மையான வழி என்பது என் கருத்து.

மறுமொழி: சுண்ணாம்புக்காரை

மீண்டும் கட்டியவை எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதை நான் ஏற்கவில்லை. தெற்குப் பக்கத்தில், 1598-ஆம் ஆண்டின் வேடகிண்ட்ஹவுஸ் உள்ளிட்ட வீடுகளின் முகப்பு மட்டுமே பழைய வடிவில் உள்ளது. பின்னால் இருப்பது ஒரு சேமிப்பு வங்கிக்காக எழுப்பப்பட்ட நவீனக் கட்டடம். வடக்குப் பக்க முகப்புகளுக்குப் பின்னாலும் ஒரு ஹோட்டல்தான் இயங்குகிறது. இவற்றைத் திரைச்சீலை என்று நீங்கள் சொன்னால் நான் வாதிட மாட்டேன். ஆனால் இறைச்சி விற்போர் மாளிகை அப்படிப்பட்டதன்று. பழைய அளவு வரைபடங்களையும் புகைப்படங்களையும் வைத்துக்கொண்டு, ஓக் மர உத்தரங்களில் ஒன்றின் நுனியைக் கழுந்தாகச் செதுக்கி மற்றொன்றின் துளையில் பொருத்தி, மர ஆணி அறைந்து, பழைய தச்சு முறையிலேயே அதன் சட்டகத்தை எழுப்பினார்கள். மேல் தளங்கள் ஒன்றைவிட ஒன்று தெருப்பக்கம் நீண்டு நிற்கும் ஒரு வீட்டின் பாரம் எப்படி இறங்குகிறது என்பதை அக்காலத் தச்சர்கள் செய்தபடியே செய்து காட்டிய கட்டடம் அது. மரம் புதியதுதான், தொழிலறிவு பழையது. 1964-இன் ஹோட்டலை இழந்ததற்காக, நேர்கோடு அவர்களைத் தவிர, வருந்தியவர்கள் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

மறுமொழி: மலையடிவாரம்

வினா எழுப்பியவருக்கு ஒரு நடைமுறை யோசனை. ஹனோவரிலிருந்து ஹில்டெஸ்ஹைம் வழியாகச் செல்லும் வட்டார ரயில் கோஸ்லார் வரை செல்கிறது. ஹார்ட்ஸ் மலையடிவாரத்தில் உள்ள அந்த ஊர் போரில் பெரும் சேதமின்றித் தப்பியதால், அதன் சந்தைச் சதுக்கத்தில் எரிந்து மீண்டவற்றைத் தேட வேண்டியதில்லை. துணி வணிகர் சங்கம் 1494-இல் கட்டிய கைசர்வொர்த் மாளிகையின் மூலையில், பின்பக்கத்தின் வழியே பொற்காசு வெளியேற்றும் குள்ள மனிதன் சிற்பத்தைக் காணலாம். கல்தச்சருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது. அதே சதுக்கத்தில் உள்ள நகர மன்றத்தில், 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவரும் கூரையும் முழுக்க ஓவியம் தீட்டப்பட்ட ஒரு மண்டபம் இருக்கிறது. காலையில் ஹில்டெஸ்ஹைம், பிற்பகலில் கோஸ்லார் என்று வைத்துக்கொண்டால், மேலே நடக்கும் வாதத்தில் எந்தப் பக்கம் சேர்வது என்பதை நேரில் பார்த்தே முடிவு செய்யலாம். மண்டபத்தின் பார்வை நேரத்தை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.