மாசி, பங்குனியில் வன்னிக் குளங்களில் என்ன பறவை நிற்குது?

பாலியாறு:
வணக்கம். காலபோக நெல் அறுவடை முடியுது, குளங்களும் வத்தத் தொடங்கீட்டுது. கட்டுக்கரைக்குளத்து அலைகரையில நீண்ட மூக்குள்ள பறவைக் கூட்டம் ஒண்டு நிக்குது. சிலதுக்குக் கழுத்து செங்கல் நிறம் பிடிச்சிருக்கு. கருவால் மூக்கனா, பட்டைவால் மூக்கனா? பக்கத்தில தாராக் கூட்டம். அதில பேடுகளைப் பிரிக்கவே முடியேல்லை. வேற எங்க போகலாம், எத்தினை மணிக்கு எண்டும் சொல்லுங்கோ. கையில இருக்கிறது 8 மடங்கு பைனாகுலர் மட்டும்.

குளக்கட்டு:
நன்னீர்க் குளத்தில கூட்டமா நிண்டா பெரும்பாலும் கருவால் மூக்கன்தான். பட்டைவால் கடலோரச் சேறை விட்டு உள்ளுக்கு வாறது குறைவு. ஆனா இடத்தை வைச்சு முடிவு கட்டாதேங்கோ, பறக்கேக்க பாருங்கோ. கருவாலுக்கு இறக்கையில அகலமான வெள்ளைப் பட்டை, இடுப்பு வெள்ளை, வால் நுனி கறுப்பு. பட்டைவாலுக்கு இறக்கை வெறுமை, வாலில மெல்லிய குறுக்குக் கோடுகள். 8 மடங்குக்கு இது தாராளமாத் தெரியும்.

நிக்கிறதைத்தான் பாக்கலாம் எண்டா மூக்கு: கருவாலுக்கு நேர், பட்டைவாலுக்கு நுனி கொஞ்சம் மேல வளைஞ்சிருக்கும், காலும் குட்டை. நிறத்தை இப்ப நம்பேலாது. முழுசா நிறம் மாறின கருவாலுக்குச் சிவப்பு நெஞ்சோட நிண்டிடும், வயித்தில வெள்ளையும் கறுப்பு வரியும். பட்டைவால் ஆணுக்கு வாலடி வரைக்கும் ஒரே சிவப்பு. மாசியில ரண்டும் அரைகுறைதான்.

தாரா: ஊசிவால் பேட்டுக்குக் கழுத்து நீளம், மூக்கு சாம்பல், முகத்தில கோடே இல்லை. நீலச்சிறகிப் பேடு சிறிசு, கண்ணுக்கு மேலயும் கீழயும் கோடு, மூக்கடியில வெளிறின புள்ளி. ஒரு விசயம்: ஆண் நீலச்சிறகி தை முடியும் வரைக்கும் பேடு மாதிரித்தான் நிக்கும். வெள்ளைப் புருவம் தெளியிறது மாசி, பங்குனியிலதான். தை மாத ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில "ஆணே இல்லை" எண்டு எழுதுற ஆக்கள் கவனிக்க வேண்டியது இது.

கண்டல்:
அடுத்து மன்னார்க் கரையிலுள்ள வங்காலை. 2008 முதல் சரணாலயம், 2010 முதல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ராம்சார் ஈரநிலம். மன்னார்ப் பாலத்தெருவில் நின்று வங்காலைப் பக்கம் பார்ப்பதென்றால் காலை மட்டுமே. பின்னேரம் எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புத்தான். விடிந்த கையோடு தொடங்குங்கள். ஒன்பது ஒன்பதரைக்குக் கானல் எழும்பி விடும். அதற்குப் பிறகு 60 மடங்கு ஸ்கோப் (தொலைநோக்கி) இருந்தும் பயனில்லை, 20, 25 மடங்கில் வைத்தால் ஏதோ தெரியும். காற்றுக்கு முக்காலியின் நடுத்தண்டை உயர்த்தாமல், பையை அதில் தொங்க விடுங்கள்.

நம் கடலில் வற்றுப் பெருக்கு வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. தரையோ தட்டை. அதனால் வற்று அட்டவணையோடு காற்றையும் பாருங்கள். காற்று தண்ணியைக் கரைக்குத் தள்ளினால் சேறு மூடி, உள்ளான், உப்புக்கொத்தி போன்ற கரைப்பறவைகள் தரவைக்கு (கரையோரப் புல்வெளிக்கு) ஏறி விடும். தேட வேண்டிய இடம் அதுதான்.

பூநாரை தலை குனிந்து மேய்கிற வரை பிரச்சினையில்லை. கூட்டம் முழுக்கத் தலை நிமிர்த்தி ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கினால் நீங்கள் கிட்டப் போய்விட்டீர்கள், நில்லுங்கள். வலசைக்கு முன் கொழுப்புச் சேர்க்கிற நேரத்தில் உள்ளான்களையும் வீணாக எழுப்ப வேண்டாம். ட்ரோன் விடுகிறவர்களைப் பற்றிச் சொல்லி வேலையில்லை.

சுண்டிக்குளம் 2015 முதல் தேசியப் பூங்கா, வனசீவராசிகள் திணைக்களத்தில் முதலே கேட்டு விட்டுப் போங்கள். வன்னியில் எங்கு போனாலும் நடந்து பழகிய பாதையை விட்டு இறங்க வேண்டாம். சிவப்பு மிதிவெடிப் பலகை கண்டால் அப்படியே திரும்புங்கள். இராணுவ முகாம் இருக்கும் பக்கம் ஸ்கோப்பைத் திருப்பாதீர்கள். பொழுதுபடுகிற நேரம் குளக்கட்டில் யானை.

முதிரை:
எல்லாரும் தண்ணிப் பக்கமே நிக்கிறியள். மாங்குளம், முத்தையன்கட்டுப் பக்கக் காட்டையும் ஒருக்காப் பாருங்கோ. அரசவால் ஈப்பிடிப்பான் ஆண் வெள்ளையா நிண்டா அது இந்தியாவில இருந்து வந்தது. இங்கயே இருக்கிற கிளையினத்து ஆணுக்கு வெள்ளை வாறதே இல்லை, எப்பவும் செம்பழுப்பு. ஆனா செம்பழுப்பு எல்லாம் உள்ளூர் எண்டு எழுதிப் போடாதேங்கோ, வலசை வாறதிலயும் செம்பழுப்பு இருக்கு. ஆறுமணிக்குருவி விடியலிலயும் கருக்கலிலயும்தான் கூப்பிடும். கூப்பிடேக்க அசையாமல் நிண்டு சருகுத் தரையைப் பாருங்கோ.

அறுத்த வயலையும் விட்டிடாதேங்கோ. ஈரம் காயாத வெட்டு வயலில வயல் உள்ளான், கோரைக்குள்ள உள்ளான் குத்தி. வயல் காஞ்சா ஒண்டும் நிக்காது.

பாலியாறு:
நன்றி. பறக்கேக்க பாத்தன், வெள்ளைப் பட்டை பளிச்செண்டு இருந்தது, கருவால்தான். கலந்து நிக்கிற கூட்டத்தை எப்பிடி எண்ணுறது? ஈபேர்ட் பறவைப் பதிவுத் தளத்தில என்ன போட?

குளக்கட்டு:
முதல் பத்தை ஒவ்வொண்டா எண்ணுங்கோ. அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்குது எண்டு கண்ணில எடுத்து, பத்துப் பத்தா ஐம்பதுக்கு வாங்கோ, பிறகு ஐம்பது ஐம்பதா நகருங்கோ. முன்வரிசையும் பின்வரிசையும் ஒரே நெருக்கமாத் தெரியாது. ஒரே அளவை ரண்டுக்கும் போடாதேங்கோ. முதல் மொத்தம், பிறகு கூட்டத்தின்ர மூண்டு இடத்தில இனப் பங்கு எடுத்துப் பிரியுங்கோ. இடையில எழும்பிப் பறந்தா திரும்ப முதலில இருந்து.

கடைசியாக் கண்ட திகதியையும் பதியுங்கோ. ஒண்டும் இல்லாத நாளிலயும் பட்டியல் போட்டால்தான் பறவை வலசை போன நாள் தெரியும். ஆனி, ஆடியில சில உள்ளான் நிண்டா "பிந்திப் போறது" எண்டு எழுதாதேங்கோ. முதல் வருசக் குஞ்சுகளில கனக்க வடக்க போகாமல் இங்கயே கோடையைக் கழிக்கும்.