ட்ரில்லிங் துப்பாக்கி: மூன்று குழலுக்கு இரண்டே விசை எப்படி?

தணிகை:
ஜெர்மன் ட்ரில்லிங்கில் மேலே பக்கத்துக்குப் பக்கம் இரண்டு ரவைக் குழல், அடியில் ஒரு ரைபிள் குழல். விசை மட்டும் இரண்டுதான். மூன்றாவது குழல் எப்படி வெடிக்கும்? ரைபிளில் அடுத்தடுத்துச் சுட்டால் குண்டு மேலேறிப் போகும் என்கிறார்களே, அது ஏன்?

எஃகுக்குழல்:
முன்விசைக்கு இரண்டு வேலை. வழக்கமாக அது வலது ரவைக் குழலை வெடிக்கவைக்கும், பின்விசை இடதை. கட்டையின் கழுத்துமேல் இருக்கும் பொத்தானை முன்னே தள்ளினால் முன்விசை ரைபிளுக்கு மாறிவிடும். அதே அசைவில் குழல்மேல் படுத்திருந்த பின்குறி (ரைபிளுக்குக் குறிபார்க்கும் தகடு) நிமிரும். எந்தக் குழல் தயார் என்பதைக் கண்ணே சொல்லிவிடும், அருமையான ஏற்பாடு.

ஒரு ஆபத்தும் உண்டு. ஆங்கிலேய இரட்டைக்குழலில் சேஃப்டி (தவறி வெடிக்காமல் தடுக்கும் பூட்டு) இருப்பது அதே இடத்தில்தான். அந்தப் பழக்கத்தில் சேஃப்டியை எடுப்பதாக நினைத்துத் தள்ளினால், ரவைக்குப் பதில் ரைபிள் குண்டு பாயும். பல ட்ரில்லிங்குகளில் சேஃப்டி கட்டையின் இடப்பக்கம் இருக்கும், கிரீனர் வகை.

சூல்நகர்:
இரண்டாவது கேள்விக்கு: குழல்கள் பற்றாசு வைத்து ஒட்டப்பட்டவை. அடிக்குழல் மட்டும் சூடாகி நீளப் பார்க்கும். மேலிரண்டும் குளிர்ந்தே கிடந்து அதை இழுத்துப் பிடிக்கும். மொத்தக் கட்டும் மேல்நோக்கி வளையும், குண்டும் ஏறும். துப்பாக்கியில் கோளாறு இல்லை. குறி சரிபார்க்கும்போது ஒரு குண்டு சுட்டு, குழலைத் திறந்துவைத்து, தொட்டால் குளிரும்வரை காத்திருந்துதான் அடுத்ததைச் சுட வேண்டும். காட்டில் கணக்குக்கு வருவது குளிர்ந்த குழலின் முதல் குண்டுதான்.

தணிகை:
நன்றி ஐயா. ஜெர்மனியின் சூல் (Suhl) நகரில் செய்த பழைய ட்ரில்லிங்குக்கு இன்றைய தோட்டா பொருந்துமா?

எஃகுக்குழல்:
அளக்காமல் போடவே கூடாது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய 16 கேஜ் (ரவைக் குழலின் விட்ட அளவு) துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை 65 மி.மீ.தான். 70 மி.மீ. தோட்டா உள்ளே போய்விடும். வெடித்து வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். ரைபிள் பக்கம் இன்னும் மோசம்: 8×57 ஐஆர் என்ற தோட்டாவில் குண்டின் விட்டம் 0.318 அங்குலம், 8×57 ஐஆர்எஸ் என்பதில் 0.323. பெயரில் ஒரே ஒரு 'எஸ்' வித்தியாசம், ஆனால் பெரிய குண்டு சிறிய குழலுக்குள் திணிபடும். குழலைக் கழற்றி அடியில் உள்ள முத்திரைகளைப் படியுங்கள். தெளிவில்லை என்றால் துப்பாக்கி வல்லுநரிடம் குழலின் உள்ளளவை அளக்கக் கொடுங்கள்.

சூல்நகர்:
இந்த ரைபிள் தோட்டாக்களுக்கு அடியில் விளிம்பு இருப்பதற்கும் காரணம் உண்டு. குழலை மடக்கித் திறக்கும் இந்த வகைத் துப்பாக்கியில் தோட்டாவை வெளியே தள்ளும் துண்டு பிடிக்க அதுதான் வசதி. 1941-42இல் சாவர் நிறுவனம் ஜெர்மன் விமானப்படைக்குச் செய்த எம்30 ட்ரில்லிங்கிலும் 12 கேஜ் இரண்டு குழலுக்கு அடியில் விளிம்புள்ள 9.3×74ஆர் ரைபிள் தோட்டாதான்.