பழைய அமெரிக்கச் சிற்றூர் வாரப் பத்திரிகைகள்: இரண்டு ஊர், ஒரே உள்பக்கம். எப்படி?

தாழ்வாரம் கேட்டது:

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் ‘க்ரானிக்லிங் அமெரிக்கா’ என்ற தளத்தில் பழைய பத்திரிகைகளை ஸ்கேன் செய்து இலவசமாகப் போட்டிருக்கிறது. 1880களில் அமெரிக்காவின் வட நடுப்பகுதியில் இருக்கும் டகோட்டா பகுதியில் வந்த வாரப் பத்திரிகைகளை அதில் படிக்க ஆரம்பித்தேன், இப்போது விட முடியவில்லை. அநேகமாக எல்லாமே நாலு பக்கம். புல்வெளி நடுவே புதிதாக முளைத்த ஊர்கள், சில நூறு பேர்தான் இருப்பார்கள். அதற்குள் ஒரு பத்திரிகை, சில ஊர்களில் இரண்டு.

எனக்குப் புரியாத விஷயம் இது. ஒன்றுக்கொன்று ரொம்பத் தள்ளி இருக்கும் இரண்டு ஊர்களின் இதழ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் பக்கமும் நாலாம் பக்கமும் அந்தந்த ஊர்ச் செய்தி. ஆனால் 2, 3ஆம் பக்கங்கள் அச்சு அசலாக ஒன்றே. அதே தொடர்கதை, அதே ஐரோப்பியச் செய்தி, அதே கல்லீரல் மருந்து விளம்பரம். வரி உடையும் இடம்கூட மாறவில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் அச்செழுத்துக் கோத்திருந்தால் இவ்வளவு துல்லியமாக வருமா?

கூடவே இன்னொன்று. பத்தி பத்தியாக நில அறிவிப்பு வருகிறது, எல்லாம் ஒரே வாசகத்தில். அப்புறம் ‘இன்னார் ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போய் வந்தார்’ என்ற மாதிரிச் செய்திகள். அவ்வளவு சின்ன ஊரில் இது எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்குமே, யாருக்காக அச்சடித்தார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஈயஎழுத்து எழுதியது:

கையால் எழுத்துக் கோத்து வாழ்ந்தவன் நான். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் கை பரபரக்கிறது.

அந்த உள்பக்கங்களை அந்த ஊரில் யாரும் கோக்கவே இல்லை. பெரிய நகரத்தில் ஒரு கம்பெனி தாளின் ஒரு பக்கத்தை மட்டும் அடித்து, மறுபக்கத்தை வெறுமையாக விட்டு, கட்டுக்கட்டாக ரயிலில் அனுப்பும். ஊர் ஆசிரியர் அந்த வெற்றுப் பக்கத்தில் தன் செய்தியை அடிப்பார். ஒரு தாளை நடுவில் மடித்துப் பாருங்கள். வெளியே இருப்பது 1, 4. உள்ளே இருப்பது 2, 3. நீங்கள் பார்த்தது அந்த மடிப்பைத்தான். வெளிப்பக்கம் நகரத்திலிருந்து வந்து உள்பக்கம் ஊரில் அடித்த பத்திரிகைகளும் உண்டு, தேடினால் கிடைக்கும்.

இது எப்படி வந்தது தெரியுமா? 1861. உள்நாட்டுப் போர் தொடங்கிவிட்டது. விஸ்கான்சினில் பாராபூ என்ற ஊரில் ஆன்செல் நாஷ் கெல்லாக் என்பவர் வாரப் பத்திரிகை நடத்தினார். அவருடைய அச்சுத் தொழிலாளி படையில் சேர்ந்து போய்விட்டார். பத்திரிகையை நிறுத்த மனமில்லாமல் மாடிசன் நகரத்து நாளிதழ் அச்சகத்தில் போர்ச் செய்தி அடித்த தாள்களை வாங்கி, மீதியைத் தானே அடித்தார். மற்ற ஊர்க்காரர்களும் அதே வழியைப் பிடித்தார்கள். போர் முடிந்த 1865இல் கெல்லாக் சிகாகோவுக்குப் போய் இதையே தொழிலாகத் தொடங்கிவிட்டார். பிறகு ஆயிரக்கணக்கான வாரப் பத்திரிகைகள் இப்படித்தான் வந்தன.

அந்தக் கல்லீரல் மருந்து விளம்பரம் சும்மா இல்லை. அந்த விளம்பரப் பணம் கம்பெனிக்குப் போகும். அதனால் பாதி அச்சடித்த தாளை வெள்ளைத் தாள் விலையை ஒட்டியே கொடுக்க முடிந்தது. ஊர் ஆசிரியருக்கு வேலை பாதியாகக் குறைந்தது.

அந்தப் பாதி எவ்வளவு பெரியது என்பது எழுத்துகளை அறை அறையாக வைத்திருக்கும் கேஸ் முன்னால் நின்றவனுக்குத்தான் தெரியும். ஸ்டிக் என்ற கைச்சட்டத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தலைகீழாக வைத்து, வரி நிரம்பியதும் இடைவெளிக் கட்டையைச் சொருகி இறுக்க வேண்டும். பத்தி ஆனதும் கேலி என்ற தட்டில் இறக்கி, பிழை பார்க்க ப்ரூஃப் எடுத்து, தப்பெழுத்தை ஊசியால் நெம்பி மாற்றி, பக்கத்தைச் சட்டத்தில் இறுக்கிப் பாரம் பூட்ட வேண்டும். அடித்து முடித்தாலும் வேலை முடியாது. அத்தனை எழுத்தையும் கழுவி, ஒவ்வொன்றையும் அதனதன் அறைக்குத் திரும்பப் போட்டாக வேண்டும். சின்ன அச்சகத்தில் எழுத்து கொஞ்சம்தான் இருக்கும். இந்த வார எழுத்தைப் பிரித்துப் போடாமல் அடுத்த வாரத்தைத் தொடங்க முடியாது. கை அச்சு இயந்திரத்தில் இரண்டு பேர் மூச்சு வாங்க வேலை செய்தாலும் மணிக்கு 200, 250 தாள்தான், அதுவும் ஒரு பக்கம் மட்டும். வரி வரியாக எழுத்தை வார்த்துத் தரும் லைனோடைப் இயந்திரம் 1886இல் நியூயார்க்கில் ஓடத் தொடங்கினாலும் இந்த மாதிரி ஊர்களுக்கு வந்து சேர ரொம்ப காலம் ஆனது.

அதனால் இப்படிப் படியுங்கள்: எந்த வரியை யார் கோத்தார்கள், அதற்கு யார் காசு கொடுத்தார்கள்? இந்த இரண்டையும் கேட்டுக்கொண்டே போனால் ஊர் தெரிய ஆரம்பிக்கும். தொடர்கதை இனாம் மாதிரி வந்தது. ‘தங்கை வீட்டுக்குப் போய் வந்தார்’ என்பதை ஒருவர் கால் கடுக்க நின்று கோத்திருக்கிறார். அவ்வளவு பாடுபட்டுக் கோத்த வரி அந்த ஊருக்கு வேண்டிய வரியாகத்தான் இருக்கும்.

---

புல்வெளி எழுதியது:

ஐயா சொன்ன ‘யார் காசு கொடுத்தார்கள்’ என்ற கேள்வியை நில அறிவிப்புகளுக்குப் போட்டுப் பாருங்கள், சட்டென்று விளங்கும்.

1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் அரசு நிலத்தில் குடியேறி, ஐந்து வருஷம் அங்கேயே இருந்து பயிர் செய்தால் நிலம் உங்களுக்கு. உரிமையை உறுதிப்படுத்தப் போவதற்கு முன்னால் அதைப் பத்திரிகையில் அறிவிக்க வேண்டும் என்று 1879 மார்ச்சில் இன்னொரு சட்டம் வந்தது. நிலத்துக்கு ஆகப் பக்கத்தில் வெளியாகும் பத்திரிகையில், 30 நாளைக்கு, குடியேறியவரின் சொந்தச் செலவில். அதாவது வாராவாரம் கைக்குக் காசு வரும் விளம்பரத்தைச் சட்டமே பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டது. ஆள் சேர்வதற்கு முன்பே புல்வெளியில் அச்சு இயந்திரம் வந்து இறங்கியதற்கு இது பெரிய காரணம். எல்லோரும் உரிமை வாங்கி முடித்ததும் அந்த வருமானம் வற்றிவிடும், பல பத்திரிகைகள் அதோடு மூடிக்கொண்டன.

அந்த அறிவிப்பைத் தாண்டிப் போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘இந்த நிலத்தில் தொடர்ந்து குடியிருந்ததற்கும் பயிர் செய்ததற்கும் கீழ்க்கண்டவர்களைச் சாட்சியாகச் சொல்கிறார்’ என்று ஒரு வாசகம் வரும். அதன் கீழே நாலு பெயர். அந்த நாலு பேரும் யார்? ஐந்து வருஷமாக அவர் வீட்டுப் புகையைப் பார்த்தவர்கள், அவருடைய உழவைப் பார்த்தவர்கள். கொஞ்ச நாளில் அந்தச் சாட்சிகளின் நிலத்துக்கும் அறிவிப்பு வரும், அதில் இவர் சாட்சியாக இருப்பார். ஒரு நோட்டில் பெயர்களைக் கோடு போட்டு இணைத்துக்கொண்டே வந்தால் யாருக்கு யார் துணை என்பது கண்ணுக்குத் தெரியும். நார்வேக்காரர் பெயர்கள் ஒரு பக்கம், ஜெர்மன் பெயர்கள் ஒரு பக்கம் கூடும். பெண்கள் பெயரும் கவனியுங்கள். கல்யாணமாகாத பெண்களும் விதவைகளும் தங்கள் பெயரிலேயே நிலம் வாங்க முடிந்தது. அவர்களைப் பற்றி வேறு எங்கும் ஒரு வரி இல்லாமல் இருக்கலாம், இந்த அறிவிப்பில் இருப்பார்கள்.

---

தாழ்வாரம் எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. சாட்சிப் பெயர் விஷயம் என்னைத் தூங்கவிடாது போலிருக்கிறது. ஒரே ஆள் பல அறிவிப்புகளில் சாட்சியாக வருவதை நானும் பார்த்தேன், கடைக்காரரோ என்று நினைத்தேன். இனி அவருடைய நிலம் எங்கே இருந்தது என்று தேடப் போகிறேன்.

‘போய் வந்தார்’ செய்திகளை யார் எழுதியிருப்பார்கள்? பெயரே இல்லை.

---

ஈயஎழுத்து எழுதியது:

சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு எழுத்தாளர் இருப்பார், நிறைய இடங்களில் பெண்கள். சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எழுதத் தாள், தபால்தலை, பத்திரிகை இலவசம், அவ்வளவுதான். மழை, அறுவடை, காய்ச்சல், குழந்தை பிறந்தது, யார் வீட்டில் விருந்தாளி என்று வாராவாரம் எழுதி அனுப்புவார்கள்.

உள்ளூருக்குத் தெரிந்த செய்திதான், உண்மை. ஆனால் அந்தப் பத்திரிகை உள்ளூரோடு நிற்கவில்லை. படித்து முடித்ததும் கிழக்கே இருக்கும் அம்மாவுக்கோ அண்ணனுக்கோ மடித்து அனுப்புவார்கள். கடிதம் எழுத நேரமில்லாதவனின் கடிதம் அது. இன்னொரு விஷயம், தபால் செலவு. வெளியாகும் கவுண்டிக்குள் (நம் மாவட்டம் மாதிரி) வாரப் பத்திரிகைக்குத் தபால் கட்டணமே கிடையாது என்று 1851லேயே சட்டம் செய்துவிட்டார்கள். தூரத்துப் பண்ணைக்கும் அது போய்ச் சேர்ந்தது. என்னைக் கேட்டால் அந்த ஊர்களைச் சேர்த்துக் கட்டியதில் ரயிலுக்கு அடுத்த இடம் இந்தச் சலுகைக்குத்தான்.

ஆசிரியர்கள் தங்களுக்குள் பத்திரிகையை மாற்றிக்கொள்வதும் 1792 முதல் 1873 வரை தபாலில் இலவசம். ஒரே துணுக்கு பத்து ஊர்ப் பத்திரிகையில் வருவது அந்தப் பழக்கத்தால். அப்படி எடுத்ததை உள்ளூரில் மறுபடி கோத்திருப்பார்கள், அதனால் வரி உடையும் இடம் மாறும். உங்கள் உள்பக்கத்துக்கும் இதற்கும் வித்தியாசம் அங்கேதான்.

---

மேற்குமலை எழுதியது:

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த ஆசிரியர்கள் ஊரை விற்க வந்தவர்களும்கூட. ஆள் வந்தால்தான் சந்தா, கடை வந்தால்தான் விளம்பரம். அதனால் ‘இங்கே மண் பொன், காற்று மருந்து’ என்று எழுதுவதை அப்படியே நம்பக் கூடாது. வறட்சி வந்த வருஷத்தில் அவர்கள் எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று பாருங்கள்.

அதைவிட முக்கியம், அந்த நிலம் யாருடையது என்பது. 1889இல் அங்கே முன்பே வாழ்ந்த பூர்வகுடிகளான லக்கோட்டா மக்களின் பெரிய ஒதுக்கீட்டு நிலத்தைத் துண்டாடி மிச்சத்தைக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டார்கள். பத்திரிகைகளுக்கு அது கொண்டாட்டச் செய்தி. நாலு சாட்சிப் பெயர்களை இவ்வளவு அக்கறையோடு அச்சடித்த அதே தாளில் லக்கோட்டாக்காரர் யாரும் பெயரோடு வருவது அபூர்வம். வந்தால் பயமுறுத்தும் செய்தியாக வருவார்கள். இதை மனதில் வைக்காமல் படித்தால் ஊரின் பாதிதான் தெரியும்.

---

தாழ்வாரம் எழுதியது:

ரொம்பச் சரி. நோட்டில் அதற்கும் தனிப் பக்கம் போடுகிறேன். எந்த வருஷத்திலிருந்து தொடங்கட்டும்?

---

ஈயஎழுத்து எழுதியது:

1880-81 குளிர்காலத்திலிருந்து தொடங்குங்கள். கிழக்கு டகோட்டாவில் பனி மூடி ரயில் மாதக்கணக்கில் ஓடவில்லை. ரயில் நின்றால் அச்சடித்த தாள் கட்டும் வராது. தன் எழுத்து, தன் செய்தி, கையிருப்புத் தாள், இவற்றை மட்டும் வைத்து ஆசிரியர் என்ன செய்தார் என்று அந்த மாத இதழ்கள் கிடைத்தால் பாருங்கள். அடுத்து 1888 ஜனவரி 12ஆம் தேதிப் பனிப்புயல், பள்ளிக்கூடத்திலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகள் பலர் இறந்த நாள். அன்று வியாழக்கிழமை. அந்த வார இதழோடு நிறுத்தாமல் அடுத்த ஐந்தாறு வாரங்களையும் படியுங்கள். செய்தி பண்ணை பண்ணையாக, மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது.

தேடல் பெட்டியை ரொம்ப நம்ப வேண்டாம். தேய்ந்த ஈய எழுத்தை இயந்திரம் தப்பாகப் படிக்கும், பெயர்களில் அது அதிகம். பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். சாட்சிப் பெயர்களில் அடிக்கடி வரும் அந்த ஆள் யாரென்று தெரிந்ததும் இங்கே வந்து எழுதுங்கள்.