பெரிய வியாழன் பாதம் கழுவுதல்: பக்கத்தில் நிற்பவர்கள் கண்டது

கோயில்பிள்ளை (ஆலய வேலைகளையும் வழிபாட்டு ஏற்பாடுகளையும் பார்ப்பவர்), தென்மாவட்டக் கத்தோலிக்கப் பங்கு:

இயேசு கடைசி இராவுணவில் சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, புனித வெள்ளிக்கு முந்தின நாள் மாலைத் திருப்பலியில் குரு (ஃபாதர், சாமியார் என்போம்) வழக்கமாக 12 பேரின் பாதங்களைக் கழுவுவார். அதற்கு முதலில் தண்ணீர். ஒருவருக்கு அரை லிட்டர் என்றால் 12 பேருக்கு 6 லிட்டர். சிந்துவதற்கும் சேர்த்து 8 லிட்டர் வையுங்கள். மறையுரை முடியும்வரை ஆறும் என்பதால் கை பொறுக்கும் சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காய்ச்சி, மூடி வைக்க வேண்டும். நாலு பேருக்குள் பேசின் நிறைந்துவிடும். ஊற்றிவிட ஒரு வாளி பக்கவாசலில் இருக்கட்டும். துண்டு ஆளுக்கு ஒன்று. ஒரே துண்டால் எல்லாக் காலையும் துடைக்கிற பழக்கம் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. யாருக்காவது சேற்றுப்புண் இருந்தால் அது வரிசையாக எல்லோருக்கும் போகும்.

பெஞ்சைப் பீடத்தின் மேல்படியில் போடாதீர்கள். அங்கே போட்டால் ஃபாதர் கீழ்ப்படியில் நின்றபடி லேசாகக் குனிந்தே வேலையை முடித்துவிடலாம். சாமியார் முழங்கால் போட்டதை யாரும் பார்க்க மாட்டார்கள். சமதரையில் போடுங்கள். முட்டிவலிக்காரர் என்றால் உட்கார ஒரு மணைப்பலகை போதும்.

பங்குப் பேரவைச் செயலர்:

தண்ணீரெல்லாம் சமாளிக்கலாம். ஆள் எடுப்பதில்தான் சண்டையே. பேரவைத் துணைத்தலைவர், கெபி என்கிற சிறு குகைக்கோயில் கட்டப் பணம் கொடுத்தவர், திருவிழா உபயகாரர் என்று ஏழெட்டுப் பேர் உட்கார்ந்துவிட்டால் அது பாதம் கழுவுதல் இல்லை, பொன்னாடை போர்த்துதல். அன்பியத்துக்கு (அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த குழு) ஒருவர் என்று பிரித்தால் எல்லாத் தெருவும் வந்துவிடும். தெரு என்று நான் எதைச் சொல்கிறேன் என்பது நம் ஊர்க்காரர்களுக்குப் புரியும். போன வருடம் உட்கார்ந்தவர் இந்த வருடம் வேண்டாம்.

பெண்கள் கூடாது என்று இன்றும் வாதாடுகிறவர்களுக்கு: 2016 ஜனவரி 6 தேதியிட்ட வத்திக்கான் ஆணை அதை மாற்றிவிட்டது. அதுவரை திருப்பலி நூலில் (திருப்பலியின் செபங்களும் விதிகளும் உள்ள நூல்) ‘ஆண்கள்’ என்றே இருந்தது. இப்போது இறைமக்களிலிருந்து தேர்ந்தவர்கள். இளையோர், முதியோர், நோயாளிகள், துறவிகள் என எல்லோரும் கலந்து இருக்கலாம். திருத்தந்தை பிரான்சிஸ் 2013-லேயே உரோமையின் காசல் தெல் மார்மோ சிறார் சிறையில் 12 பேரின் பாதங்களைக் கழுவினார். அதில் பெண்களும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். இன்னொன்று, 12 என்ற எண்ணிக்கை நூலில் இல்லை. சடங்கே கட்டாயமும் இல்லை.

வழிபாட்டுப் பயிற்சியாளர்:

செயலர் ஒன்றை விட்டுவிட்டார். தேர்ந்தெடுத்தவர்களுக்கும் சபைக்கும் சடங்கின் பொருளை முன்கூட்டியே விளக்க வேண்டும் என்றும் அதே ஆணை சொல்கிறது. நம் ஊரில் இது ரொம்ப முக்கியம். காலைத் தொடுவது சின்னவர் பெரியவருக்குச் செய்வது என்றே வளர்ந்திருக்கிறோம். சாமியார் முன்னால் வந்து முழங்கால் போட்டதும் பாட்டிமார் ‘ஐயோ சாமி’ என்று காலை உள்ளே இழுத்துக்கொள்வார்கள், தண்ணீர் சேலையில் கொட்டும். குருத்து ஞாயிறு முடிந்ததும் அவர்களை உட்காரவைத்து யோவான் 13-ஐ வாசித்துக் காட்டுங்கள். ‘என் காலை நீர் கழுவவே கூடாது’ என்று சீடர் பேதுருவும் இதே பாட்டைத்தான் பாடினார் என்று சொன்னால் சிரித்துவிட்டு ஒத்துக்கொள்வார்கள். சர்க்கரை நோயால் காலில் புண் உள்ளவர் என்றால் தனியாகக் கேட்டு, அவர் சம்மதித்தால் மட்டும்.

மேல் திருவுடையைத் தேவையானால் கழற்றலாம் என்கிறது நூல். கழற்றிவிடுவதே நல்லது. இயேசுவும் மேலுடையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் துண்டைக் கட்டினார். பீடப்பணியாளர்கள் உதவலாம், ஆனால் ஒரு பையன் சொம்பு, ஒரு பையன் பேசின், இன்னொருவன் துடைக்க, குரு விரலால் தொட்டுவிட்டு நகர்வது கொடுமை. ஊற்றுவதும் துடைப்பதும் அவர் கையாலேயே நடக்க வேண்டும். பாதத்தை முத்தமிடுவது இன்றைய விதியில் இல்லை. செய்கிறவர்கள் செய்யட்டும், கேமராக்காரர் ‘ஃபாதர், இன்னொரு தடவை’ என்று கேட்காதவரை. முடிந்ததும் குரு சோப்புப் போட்டுக் கைகழுவி, உடையை மாட்டிக்கொண்டு இருக்கைக்குத் திரும்புவார். அன்று நம்பிக்கை அறிக்கை கிடையாது, நேராக மன்றாட்டு. பழக்கதோஷத்தில் ‘விசுவசிக்கிறேன்’ என்று ஆரம்பித்துவிடும் ஊர்கள் உண்டு.

அட்வெண்டிஸ்ட் சபை (புராட்டஸ்டண்ட் சபைகளில் ஒன்று) டீக்கன் (சபை உதவி ஊழியர்):

எங்களிடம் இது வருடத்துக்கு ஒருமுறை வருவதில்லை. பெரும்பாலும் காலாண்டுக்கு ஒருமுறை, திருவிருந்துக்கு முன்னால். ஆண்கள் ஓர் அறை, பெண்கள் ஓர் அறை. இருவர் இருவராக ஒருவர் காலை ஒருவர் கழுவுவோம். பாஸ்டரும் ஜோடி சேர்ந்தாக வேண்டும், அவர் காலையும் ஒருவர் கழுவுவார். உங்கள் முறையில் எனக்கு உறுத்துவது இதுதான்: தலைவர் கழுவுகிறார், எழுந்து போகிறார். குனிவது அவருக்குச் சுலபம்; உட்கார்ந்து காலை நீட்டச் சொல்லிப் பாருங்கள், நெளிவார்.

எங்களிடமும் கோளாறு உண்டு. நண்பன் நண்பனோடேயே சேர்ந்துகொள்வான். பேச்சுவார்த்தை இல்லாத இருவர் ஒரே அறையில் எதிரெதிர் மூலையில் நிற்பார்கள். யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. மூப்பர் ஒருவர் முன்தினமே இரண்டு வீட்டுக்கும் போய்ப் பேசிப் பார்க்கலாம். பாஸ்டருக்கே யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் அவர்தான் முதலில் எழுந்து அந்த மூலைக்குப் போக வேண்டும்.

பெனடிக்டின் சபைத் துறவி (கத்தோலிக்க மடத்தில் வாழ்பவர்):

ஒருவருக்கொருவர் கழுவுவது எங்கள் பழைய வழக்கம்தான். 6-ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் மடத்து வாழ்வுக்காக எழுதிய ஒழுங்கில், 35-ஆம் அதிகாரம் சமையல்கட்டு முறைவேலை பற்றியது. வார முறை முடிக்கிறவர் சனிக்கிழமை சமையல்கட்டைச் சுத்தம் செய்து, சகோதரர்கள் கைகால் துடைத்த துண்டுகளைத் துவைக்க வேண்டும். அவரும் அடுத்த முறைக்காரரும் சேர்ந்து எல்லோருடைய பாதங்களையும் கழுவ வேண்டும். பாத்திரங்களைத் துலக்கி, பண்டசாலைக்காரரிடம் சரிபார்த்து ஒப்படைக்க வேண்டும். 53-ஆம் அதிகாரத்தில் விருந்தாளி வந்தால் மடாதிபதியே அவர் கைக்குத் தண்ணீர் ஊற்றுவார். பாதம் கழுவுவது மடாதிபதியும் சபை முழுவதும் சேர்ந்து. பிறர் சொல்லைக் கேட்பதிலும் இதே பணிவுதான்: முக்கியமான முடிவென்றால் எல்லோரையும் கூட்டிக் கேட்கவேண்டும், ஏனென்றால் ஆண்டவர் பலமுறை இளையவருக்கே நல்லதைக் காட்டுகிறார் என்பது 3-ஆம் அதிகாரம். பேரவைக் கூட்டத்தில் கடைசி வரிசைப் பையன் கை தூக்கினால் என்ன நடக்கிறது என்று செயலர்தான் சொல்ல வேண்டும்.

கோயில்பிள்ளை:

துண்டு பற்றிச் சொன்னீர்களே, நல்லது. 12 துண்டையும் அன்றிரவே அலச வேண்டும். வெள்ளிக்கிழமைவரை வாளியில் கிடந்தால் வாடை பிடித்துவிடும். இந்த வருடம் 35-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு போய் எங்கள் ஃபாதரிடம் காட்டப் போகிறேன்.